பள்ளத்திலிருந்து ஏறி வந்தவரிடம் என்ன கேட்பது

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் மலையில் எல்லோரும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். நீலகிரியின் கல்லட்டிச் சரிவில் கயிறு கட்டி இறங்கி, நசுங்கிய காரிலிருந்து உடல்களை எடுத்துக் கொடுத்துவிட்டு ஏறி வந்த தீயணைப்பு வீரரும் அதையேதான் சொல்வார். அது நலம் விசாரிக்கும் கேள்வி. பதிலும் வழக்கமான பதில். அவரிடம் கேட்க வேண்டியவை வேறு. "நேத்து ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீங்கண்ணா, நடுவுல எந்திரிச்சீங்களா?" "சோறு இறங்குதா?" "வண்டி எடுக்கும்போது கை நடுங்குதா?" "வீட்ல குழந்தைங்க மேல எரிஞ்சு விழறீங்களா?" இவற்றுக்கு இத்தனை மணி என்றோ, ஆம் இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

இப்படிக் கேட்கத் தெரிந்த, அதே வேலையைச் செய்கிற ஒருவரை நிலையத்திலேயே தயார் செய்து வைப்பதைத்தான் பயிற்சி வகுப்புகளில் 'பியர் சப்போர்ட்' என்கிறார்கள். இங்கே அவரைத் துணையாள் என்று சொல்லிக்கொள்கிறேன். அவர் மருத்துவர் அல்ல, மனநல ஆலோசகரும் அல்ல. நோய்க்குப் பெயர் வைப்பதும் மாத்திரை சொல்வதும் அவர் வேலையில் சேராது. கவனிப்பது, கேட்பது, தேவையான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது, மறுபடியும் வந்து பார்ப்பது என்று அவருக்கு நான்கு வேலைகள். நான்காவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். என் கணிப்பில் இந்த ஏற்பாடு பலிப்பதும் பொய்ப்பதும் அதில்தான் இருக்கிறது.

நீலகிரியில் இந்தத் தேவைக்குச் சில தனிக் காரணங்கள் உண்டு. முதலாவது தூரம். கூடலூரிலிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். அங்கிருந்து மேல்சிகிச்சைக்குக் கோயம்புத்தூர் என்றால் இன்னும் 85 கிலோமீட்டருக்கு மேல். குன்னூருக்குக் கீழே 14 கொண்டை ஊசி வளைவுகள். 108 வண்டியின் பின்பகுதியில் நோயாளியோடு தனியாக உட்கார்ந்திருப்பவர் ஒரே ஒரு இஎம்டி, அதாவது அவசர மருத்துவ உதவியாளர். மூடுபனியில் வண்டி ஊர்ந்து போகும்போது பர்லியாருக்கு முன்னால் நாடி நின்றுவிட்டால், அடுத்த ஒரு மணி நேரம் அவரும் அந்த உடலும் உறவினர் ஒருவரும்தான். "இன்னும் அரைமணி முன்னாடி கிளம்பியிருந்தா" என்ற எண்ணம் அங்கே முளைக்கிறது. பயத்தைவிட இந்தக் குற்ற உணர்வுதான் நீண்ட நாள் தங்கும்.

இரண்டாவது, ஊர் சிறியது. கவிழ்ந்த ஜீப்பில் கிடப்பவர் பக்கத்து ஹட்டிக்காரராகவோ (ஹட்டி என்றால் படுகர் ஊர்), மகள் வகுப்பு ஆசிரியையாகவோ, போன வாரம் டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவராகவோ இருப்பார். நகரத்து மீட்பாளர் பெயர் தெரியாமலேயே கடந்துவிடலாம். இங்கே மூன்றாம் நாள் துக்க வீட்டுக்கும் போக வேண்டியிருக்கும். போனால் அழுகிறவர்கள் முன்னால் நிற்க வேண்டும். போகாவிட்டால் ஊர் கேட்கும்.

மூன்றாவது, ஒரே இடம் திரும்பத் திரும்ப வரும். 2023 செப்டம்பர் 30 அன்று மரப்பாலம் அருகே தென்காசிப் பக்கத்துச் சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் விழுந்து 9 பேர் இறந்தார்கள். அன்று இறங்கி ஏறியவர்கள் அதே வளைவில் தினமும் வண்டி ஓட்டுகிறார்கள். டீசல் வாடை, ஈர மண், முறிந்த யூகலிப்டஸ் கிளையின் வாசனை என்று எது வேண்டுமானாலும் நினைவைக் கிளறலாம்.

முதல் இரண்டு மணி நேரத்தில் மனதைப் பற்றிப் பேசவே வேண்டாம். உடம்பைக் கவனித்தால் போதும். டிசம்பர் இரவில் நனைந்த சட்டையோடு ஓடைக்குள் நின்றவருக்கு நடுக்கம் குளிரால் வந்ததா அதிர்ச்சியால் வந்ததா என்று அவருக்கே தெரியாது. எனவே நிலையத்தில் ஒரு பையில் எப்போதும் தயாராக இருக்க வேண்டியவை: உலர்ந்த பனியன், ஸ்வெட்டர், காலுறை, கம்பளி, சர்க்கரை, டீத்தூள், பிஸ்கட், செல்போன் சார்ஜர். சர்க்கரை தூக்கலாகப் போட்ட சூடான டீயைக் கையில் கொடுத்து உட்கார வைக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு போன் போடச் சொல்ல வேண்டும். பள்ளத்தில் சிக்னல் இல்லாமல் நான்கு மணி நேரம் கிடந்தவரின் மனைவி வாட்ஸ்ஆப்பில் விபத்துப் படத்தைப் பார்த்துவிட்டுப் பதறிக்கொண்டிருப்பார்.

அடுத்தது ஆம்புலன்ஸைக் கழுவுவது. பெரும்பாலும் அதே குழுதான் ரத்தத்தைத் துடைக்கிறது. குழந்தை இறந்த அழைப்பு என்றால் அந்த வேலையை வேறு ஷிப்டுக்காரரிடம் மாற்றிக் கொடுங்கள், அல்லது துணையாள் கூடவே நின்று கழுவட்டும். பல பேர் முதன்முதலாக வாய் திறப்பது இந்த நேரத்தில்தான். கை வேலையில் இருக்கிறது, முகம் பார்க்க வேண்டியதில்லை, பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறார்.

வீட்டுக்குப் போகும்போது இரு சக்கர வாகனத்தில் தனியாக அனுப்பக் கூடாது. பதற்றம் இறங்கும்போது கவனமும் சேர்ந்து இறங்கும். வளைவுச் சாலையில் அதுவே இன்னொரு விபத்துக்குப் போதும். இன்னொருவர் ஓட்டட்டும், அல்லது துறை வண்டி இறக்கிவிடட்டும்.

கலைவதற்கு முன் பத்து நிமிடம் எல்லோரும் ஒன்றாக நிற்கலாம். அந்தப் பத்து நிமிடத்தில் யாரையும் "என்ன உணர்ந்தீர்கள்" என்று சுற்றி வந்து கேட்கக் கூடாது. சொல்ல வேண்டியவை: எல்லோரும் பத்திரமாக வந்துவிட்டோம், காயம்பட்டவர்களை எந்த மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், அடுத்த சில நாள் தூக்கம் கெடலாம், காட்சி கண்முன் வரலாம், அது பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே குறையும், பேச வேண்டுமென்றால் இந்த எண், நாளை ஷிப்டில் யார் யார். அவ்வளவுதான்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. 1983-ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி மிட்செல் என்பவர், பெரிய சம்பவத்துக்குப் பிறகு மீட்பாளர்களைக் குழுவாக உட்கார வைத்து கட்டம் கட்டமாகப் பேச வைக்கும் ஒரு முறையை எழுதினார். உலகம் முழுக்கப் பரவியது. பிறகு சம்பவம் முடிந்த சூட்டோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறைகளைச் சோதித்த ஆய்வுகளை 2002-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, அது பின்னாளைய மனக்காய நோயை (பிடிஎஸ்டி) தடுப்பதாகத் தெரியவில்லை. சிலருக்குக் கெடுதலும் செய்திருக்கலாம் என்று தெரிந்தது. அந்த ஆய்வுகள் தனி ஆட்களுடன் நடந்த அமர்வுகளைப் பற்றியவை, குழுக்களுக்குப் பொருந்தாது என்ற வாதம் இன்றும் இருக்கிறது. ஆனாலும் கட்டாயப்படுத்திப் பேச வைப்பது வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. குழுவில் ஒருவர் பார்க்காத காட்சியை இன்னொருவர் விவரித்தால், பார்க்காதவர் அதையும் வீட்டுக்குச் சுமந்து போகிறார். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு பார், கேள், இணை என்ற மூன்று சொற்களில் அடங்குகிறது. மலைக்கு அது போதும்.

இன்னொன்றையும் பிரித்து வைக்க வேண்டும். கயிறு ஏன் வழுக்கியது, வயர்லெஸ் ஏன் வேலை செய்யவில்லை, வண்டி ஏன் தாமதமாக வந்தது என்ற வேலை ஆய்வை வேறொரு நாளில் வேறொருவர் நடத்தட்டும். இரண்டையும் ஒரே கூட்டத்தில் கலந்தால் எல்லோரும் தற்காப்பில் இறங்கிவிடுவார்கள், துணையாளை விசாரணை அதிகாரியாகப் பார்ப்பார்கள். அதன் பிறகு ஒருவர்கூட அவரிடம் வரமாட்டார்.

முதல் சந்திப்பு மூன்றாம் நாள். பிரிட்டிஷ் கடற்படை வீரர்களிடையே உருவான 'டிரிம்' என்ற முறையில் மூன்று நாள் கழித்து ஒரு முறை, ஒரு மாதம் கழித்து மறுமுறை பார்ப்பார்கள். தேவைப்பட்டால் மூன்றாம் மாதமும். நம் ஷிப்டுகளுக்கு இது அப்படியே பொருந்துகிறது. நடுவில் பத்தாம் நாள் ஒரு போன் சேர்த்துக்கொள்ளலாம். சந்திப்பு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இடம் முக்கியம். நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் நாலு காது இருக்கும். வீட்டில் பேசினால் குடும்பம் கேட்கும். நிறுத்திய வண்டியின் முன் இருக்கையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதும், தேயிலைத் தோட்டத்து மண் பாதையில் சேர்ந்து நடப்பதும் நன்றாக வேலை செய்கின்றன. எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் நேர்காணல் போல் ஆகிவிடும்.

தொடக்கம் இப்படி இருக்கலாம்: "அண்ணா, அன்னிக்கு நடந்ததைச் சொல்லணும்னு இல்லை. தூக்கம், சாப்பாடு, வேலை மூணும் எப்படிப் போகுதுன்னு மட்டும் பாத்துட்டுப் போறேன்." சம்பவத்தின் விவரத்தைத் துணையாள் தோண்டக் கூடாது. அவராகச் சொன்னால் கேட்கலாம். நிறுத்தினால் நிறுத்தியதாகவே இருக்கட்டும். "விதி", "உன் கையில என்ன இருக்கு", "இதைவிட மோசமா 2009-ல பாத்தோம்" போன்ற ஆறுதல்கள் பேச்சை அடைத்துவிடும். 2009 நவம்பர் மழையில் கேத்தி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பார்த்த மூத்தவர்கள் இன்னும் பணியில் இருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவம் பெரியதுதான், ஆனால் அளவுகோலாக அதை இளையவர் முன் வைத்தால் அவர் வாயை மூடிக்கொள்வார்.

நோயாளிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதை விசாரித்துச் சொல்வது துணையாளின் வேலைகளில் எளியது, அதே சமயம் அதிகம் பலன் தருவது. மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டதோடு 108 குழுவுக்குச் செய்தி அறுந்துவிடுகிறது. பிழைத்தாரா இல்லையா என்று தெரியாமல் வாரக்கணக்கில் உழல்வார்கள். அவர்களுக்குச் சொல்லலாமா என்று மருத்துவமனையில் கேட்டுக்கொண்டு, ஒரே வரியில் தெரிவித்தால் போதும். இறந்துவிட்டார் என்ற செய்திகூடத் தெரியாமல் இருப்பதைவிட நல்லதுதான்.

ஒரு மாதம் கழித்து மறுபடி ஏன்? கனவு, திடுக்கிடல், அந்தச் சாலையைத் தவிர்த்தல், எரிச்சல் எல்லாம் முதல் வாரங்களில் வருவது இயல்பு. பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துகொண்டே வரும். ஒரு மாதம் கடந்தும் அப்படியே இருந்தாலோ கூடினாலோதான் மனக்காய நோயாக இருக்கலாமா என்று மருத்துவர் பார்க்க வேண்டிய கட்டம். எனவே மூன்றாம் நாள் கேட்ட அதே கேள்விகளை மறுபடி கேட்டு, பதில் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று ஒப்பிட வேண்டும். சத்தமில்லாத அறிகுறிகளும் உண்டு. விடுப்பே எடுக்காமல் மற்றவர் ஷிப்டையும் வாங்கிச் செய்பவர், வீட்டுக்குப் போக மனமில்லாமல் நிலையத்திலேயே படுப்பவர், தன் குழந்தையைத் தூக்கத் தயங்குபவர். முதலாமவரை நிர்வாகம் பாராட்டிக்கொண்டிருக்கும். துணையாள் அவரைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.

தூக்கம் பற்றி நேரடியாகப் பேசுங்கள். குவார்ட்டர் போட்டால் சீக்கிரம் கண் மூடும் என்பது உண்மை. நடு இரவுக்கு மேல் தூக்கம் உடைந்து, கனவு கூடுதலாக வரும் என்பதும் உண்மை. நண்பர் கொடுத்த தூக்க மாத்திரை இன்னும் ஆபத்து. அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் அந்த வகை மாத்திரைகளை மனக்காய அறிகுறிகளுக்காகக் கொடுக்க வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 12 மணி நேர இரவு ஷிப்டில் கடைசி நான்கு மணி நேரத்துக்கு டீயைக் குறைப்பது, வீட்டுக்குப் போனதும் ஜன்னலைக் கம்பளியால் மறைப்பது, போனை வேறு அறையில் வைப்பது போன்ற சிறு விஷயங்கள் உதவும். சம்பவப் படங்கள் சுற்றும் வாட்ஸ்ஆப் குழுக்களை ஒரு வாரமாவது மூடி வைக்கச் சொல்லுங்கள். படம் எடுத்துப் பகிர்ந்தவர் நிலையத்து ஆளாகவே இருந்தால் தனியாகக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்ல வேண்டும்.

இனி ரகசியம். ஊட்டி மார்க்கெட்டில் காலையில் சொன்னது மாலைக்குள் கோத்தகிரி போய்விடும் மாவட்டம் இது. ஒரே ஒரு முறை கசிந்தால் முழு ஏற்பாடும் முடிந்தது. எனவே முதல் அரை நிமிடத்திலேயே எல்லையைச் சொல்லிவிட வேண்டும்: "நீங்க சொல்றது என்னோட நிக்கும். மூணு விஷயத்துக்கு மட்டும் நான் வேற ஆளைக் கூப்பிட வேண்டி வரும். உங்க உசுருக்கு ஆபத்துன்னா, அடுத்தவங்க உசுருக்கு ஆபத்துன்னா, குழந்தை மேல பாலியல் வன்கொடுமைன்னா." மூன்றாவது 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி எல்லோருக்குமான கடமை. நான்காவதாக ஒன்றையும் துணையாள் மனதில் வைத்திருக்க வேண்டும். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் பேசுவதற்கு உள்ள சட்டப் பாதுகாப்பு இந்தப் பேச்சுக்குக் கிடையாது. விசாரணையில் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எனவே விபத்தில் யார் மேல் தப்பு, எவ்வளவு வேகத்தில் ஓட்டினீர்கள் என்ற பக்கமே போகக் கூடாது. அவராக ஆரம்பித்தால் "அதை வக்கீல்கிட்ட மட்டும் பேசுங்கண்ணா" என்று நிறுத்திவிட வேண்டும்.

குறிப்பேட்டில் பெயர் வேண்டாம். தேதி, எத்தனையாவது சந்திப்பு, எத்தனை நிமிடம், வேறிடம் அனுப்பினோமா என்ற நான்கு கட்டங்கள் போதும். மேலதிகாரி கேட்டால் இந்த மாதம் எத்தனை சந்திப்பு என்ற எண்ணிக்கையை மட்டும் காட்டலாம்.

தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்கப் பலரும் அஞ்சுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. சுற்றி வளைக்காமல், "சில பேருக்கு இந்த மாதிரி நேரத்துல செத்துடலாம்னு தோணும். உங்களுக்குத் தோணுதா?" என்று கேளுங்கள். "தப்பா ஏதும் யோசிக்கலையே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். ஆம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா, அதற்கானது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருக்கிறதென்றால் அன்று அவரைத் தனியாக விடக் கூடாது. தோட்டத்துப் பூச்சிமருந்து அறைச் சாவி, பணித் துப்பாக்கி போன்றவற்றை அவர் சம்மதத்தோடு வேறு கைக்கு மாற்றி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. "போலீஸ் கேஸ் ஆகிடும்" என்று குடும்பம் மறைக்கப் பார்த்தால் இதைச் சொல்லிப் புரிய வைக்கலாம்.

டெலிமானஸ் 14416 மனநல உதவிக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசக்கூடிய எண். 104-லும் ஆலோசனை கிடைக்கும். எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் பெரும்பாலும் யாரும் பேசமாட்டார்கள். துணையாள் தன் போனிலிருந்தே அடித்து, முதல் வார்த்தை பேசி, கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நிற்க வேண்டும். மருத்துவமனையில் மனநலப் பிரிவு வரிசையில் நின்றால் தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்ற அச்சம் இங்கே நியாயமானது. முதல் முறை கூடவே போய் டோக்கன் வாங்கிக் கொடுத்து, வரிசை குறையும் நேரத்துக்கு வரச் சொல்லலாம். அதுவும் முடியாதென்றால் மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ பார்த்துக்கொள்ளட்டும். எங்கே போனார் என்பது முக்கியமே இல்லை.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. அதிகாரி தனக்குப் பிடித்தவரையோ நன்றாகப் பேசுபவரையோ நியமித்துவிடுகிறார். அதற்குப் பதில் நிலையத்தில் எல்லோரிடமும் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, "மனசு சரியில்லைன்னா இங்க யார்கிட்ட பேசுவீங்க? ரெண்டு பேர்" என்று கேளுங்கள். திரும்பத் திரும்ப வரும் பெயர்தான் உங்கள் ஆள். ஷிப்டு போடும், விடுப்பு தரும் அதிகாரத்தில் இருப்பவர் வேண்டாம். அண்மையில் தானே பெரிய அடி வாங்கியவருக்குக் கொஞ்ச காலம் கொடுங்கள். இருபது பேருக்கு இரண்டு பேராவது வேண்டும். ஒருவர் எப்போதும் மற்ற ஷிப்டில் இருப்பார். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மலையாளமும், மற்ற இடங்களில் படுக மொழியும் பேசத் தெரிந்தவர் இருந்தால் மிக நல்லது. துக்கம் தாய்மொழியில்தான் வெளியே வரும்.

வனத்துறை வேட்டைத் தடுப்புக் காவலர்கள் தனியாகக் கவனிக்கப்பட வேண்டியவர்கள். பலர் குறும்பர், இருளர் சமூகத்தினர், பலர் ஒப்பந்தப் பணியில். யானை தாக்கி ஒருவர் இறந்தால் முதலில் போய் நிற்பவரும் அவர்தான். உடலைச் சாலையில் வைத்து மறியல் செய்யும் ஊரின் கோபத்தை முதலில் வாங்குபவரும் அவர்தான். அந்த ஊரில் அவருடைய சொந்தக்காரர்களும் இருப்பார்கள். இறந்த உடலைப் பார்த்ததைவிடத் தன் ஆட்களே திட்டியது ஆழமாகப் புண்படுத்தியிருக்கும். அங்கே துணையாள் சீருடை இல்லாமல், அதே பாடியிலிருந்து (பழங்குடிக் குடியிருப்பிலிருந்து) வந்த ஒருவராக இருக்க வேண்டும்.

சீருடையே இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2021 டிசம்பர் 8 அன்று காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்தபோது, குடத்தில் தண்ணீரும் கையில் போர்வையுமாக முதலில் ஓடியவர்கள் அந்த ஊர் மக்கள்தான். ஜீப் ஓட்டுநர், எஸ்டேட் தொழிலாளி, பிணவறை உதவியாளர், உடலைத் தூக்கும் தூய்மைப் பணியாளர் யாரும் எந்த நிலையத்துப் பட்டியலிலும் வரமாட்டார்கள். சம்பவம் நடந்த அன்றே, பள்ளத்தில் இறங்கிய ஒவ்வொருவரின் பெயரையும் போன் எண்ணையும் நிலைய அலுவலர் ஒரு தாளில் எழுதி வாங்கிவிட்டால் மூன்றாம் நாள் யாரைப் பார்க்க வேண்டும் என்று தேட வேண்டியதில்லை. அந்தத் தாள் அவர்களைத் தேடிப் போவதற்கு மட்டும். அங்கே என்ன பேசினார்கள் என்பது அதில் ஏறக் கூடாது.

துணையாளுக்கும் ஆள் வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் ஒருவர் சுமக்கக் கூடாது. மாதம் ஒரு முறை மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரோ உளவியலாளரோ துணையாட்களோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். பெயர் சொல்லாமல், சிக்கலை மட்டும் வைத்துப் பேசலாம். அவரே பள்ளத்தில் இறங்கிய சம்பவம் என்றால் அன்று அவர் துணையாள் அல்ல, அவரையும் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டியவர். அடுத்த நிலையத்திலிருந்து ஆள் வரட்டும்: குன்னூருக்கும் கூடலூருக்கும் ஊட்டியிலிருந்து. இந்த நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கிட வேண்டும். ஓய்வு நாளில் சொந்தப் பெட்ரோல் போட்டுச் செய்யச் சொன்னால் நல்ல மனிதர்கள்கூட ஆறு மாதத்தில் விலகிவிடுவார்கள்.

கடைசியாக ஒரு நாட்காட்டி. பெரிய சம்பவங்களின் தேதியை அதில் குறித்து வைத்து, அதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு போன். மண் சரிவில் வேலை செய்தவர்களுக்குத் தேதியைவிட மழைச் சத்தம் முந்திக்கொள்ளும். தகரக் கூரையில் இரண்டாம் நாளும் விடாமல் பெய்தால் அன்று இரவு அவர்கள் படுக்கமாட்டார்கள். எனவே தென்மேற்குப் பருவமழைக்கு முன் மே கடைசியிலும், வடகிழக்குக்கு முன் அக்டோபர் முதல் வாரத்திலும் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் அடித்து, "மழை வரப் போகுதுண்ணா, தூக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிடுங்கள்.